தரங்கம்பாடிக்கு நகர வாசல் வழியாகப் போங்கள்

தரங்கம்பாடிக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் வண்டியை நேரே கடற்கரைக்கு விட்டுக் கோட்டை முன்னால் நிறுத்துகிறார்கள். கோட்டைக்குள் அரை மணி நேரம், அலையில் கால் நனைக்கப் பத்து நிமிடம், நாலு படம். அதற்குள் திருக்கடையூருக்கோ காரைக்காலுக்கோ கிளம்ப நேரமாகிவிடுகிறது. கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடி வைப்பது மாதிரி இது. மேற்கே ஒரு வாசல், கிழக்கே கடல், இரண்டையும் இணைக்கும் நேரான ஒரு தெரு, அதைச் சுற்றிச் சில குறுக்குத் தெருக்கள், எல்லாவற்றையும் சூழ்ந்து ஒரு காலத்தில் மதில். தரங்கம்பாடி என்பது இந்த முழு நகரமும்தான். டேனிஷ்காரர்கள் இருந்த 225 ஆண்டுகளின் கதை, மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால்தான் ஒழுங்காகப் புரியும்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். 'அலைகள் பாடும் ஊர்' என்று எல்லாச் சுற்றுலாக் கையேடுகளிலும் எழுதியிருப்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தரங்கம் என்றால் அலை, பாடி என்றால் குடியிருப்பு. வாணியம்பாடியிலும் காட்பாடியிலும் யாரும் பாடவில்லை. இங்குள்ள மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் குலசேகரன்பட்டினம் என்ற சடங்கன்பாடி என்று வருகிறது. அதிலும் இதே 'பாடி'தான். 'பட்டினம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். சோழமண்டலக் கரையில் பட்டினம் என்று பெயர் வாங்கிய ஊர், கப்பல் வந்துபோகும் ஊர். அந்தக் கோயில் கட்டப்பட்டது பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306இல். டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இது வணிகத்துறை. ஆளில்லாத மணல்மேட்டில் அவர்கள் வந்து ஊர் உண்டாக்கினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னொரு குழப்பம் டச்சுக்காரர், டேனிஷ்காரர் பற்றியது. டச்சுக்காரர்கள் நெதர்லாந்துக்காரர்கள். பழைய தமிழில் ஒல்லாந்தர், உலாந்தாக்காரர் என்று சொன்னது அவர்களைத்தான். பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் எல்லாம் அவர்கள் இருந்த இடங்கள். தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள். அன்றைக்கு நார்வேயும் அதே அரசரின் கீழ் இருந்ததால் நார்வேக்காரர்களும் உண்டு. இந்தக் கரையின் விசேஷமே இதுதான்: தரங்கம்பாடியில் டேனிஷ், சுமார் 15 கிலோமீட்டர் தெற்கே காரைக்காலில் பிரெஞ்சு, இன்னும் தெற்கே நாகப்பட்டினத்தில் முதலில் போர்ச்சுகீசியர், 1658 முதல் டச்சுக்காரர். ஒரே நாளில் பேருந்திலேயே நாலு ஐரோப்பிய நாடுகளின் தடங்களைத் தொட்டுவிடலாம்.

போய்ச் சேர்வது

ரயிலில் வருகிறவர்களுக்கு மயிலாடுதுறை சந்திப்பு வசதி. அங்கிருந்து செம்பனார்கோயில், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி சுமார் 30 கிலோமீட்டர். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் ஒரு மீட்டர்கேஜ் ரயில் 1926 முதல் ஓடிக்கொண்டிருந்தது, 1986இல் நின்றுபோனது. பழைய வரைபடத்தைப் பார்த்து ரயில் நிலையத்தைத் தேடாதீர்கள். சிதம்பரத்திலிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் போகும் பேருந்துகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும். அங்கே இறங்கிக் கிழக்கே நடந்தால் நகர வாசல் வந்துவிடும். காரில் வந்தாலும் வண்டியை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு நடப்பதே நல்லது. உள்ளே எல்லாமே நடந்துபோகிற தூரம்தான்.

நாள் தேர்வில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோட்டைக்குள் இருப்பது மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம், அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு காலையில் இரண்டு தேவாலயங்களிலும் ஆராதனை நடக்கும். கட்டடம் பார்க்க வருகிறவர்கள் அந்த நேரத்தில் குறுக்கே நடந்து படம் எடுப்பது முறையில்லை. ஆக, வெள்ளியும் ஞாயிறு காலையும் தவிர மற்ற நாட்கள். மாதம் என்று கேட்டால் ஜனவரி முதல் மார்ச் நடு வரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரையில்தான் வந்து விழும். சித்திரை வெயிலில் மணலும் சுண்ணாம்புச் சுவரும் திருப்பி அடிக்கிற வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாது. காலை ஏழு மணிக்கு வாசலில் இருந்தால் தெருக்களையும் கல்லறைகளையும் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். தேவாலயங்களை அடுத்து வைத்துக்கொண்டு, பத்து மணிக்கு மேல் கோட்டைக்குள் நுழைந்தால் உச்சி வெயிலில் கூரைக்கடியில் இருப்பீர்கள்.

வாசலும், அரசர்களின் எண்ணும்

நகர வாசல் முதலில் 1660களில் கட்டப்பட்டது. இப்போது நாம் பார்ப்பது 1792இல் திரும்பக் கட்டியது. வெள்ளைப் பூச்சு, நடுவே வண்டி போகும் அகல வளைவு, மேலே டேனிஷ் அரச முத்திரை, ஆண்டு. பெரும்பாலானோர் இதைச் சாலையில் குறுக்கிடும் ஒரு வளைவாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். ஒரு நிமிடம் நின்று அந்த முத்திரையைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஊர் முழுக்கப் பயன்படும் ஒரு சாவி அதில் இருக்கிறது.

டேனிஷ் அரசர்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்தையும் வரிசை எண்ணையும் பின்னி, மேலே கிரீடம் வைத்து முத்திரையாகப் பயன்படுத்தினார்கள். இந்த 225 ஆண்டுகளில் ஆண்டவர்கள் எல்லாருமே கிறிஸ்டியன் அல்லது ஃபிரெடெரிக்தான். ஆகவே எழுத்து ரோம லிபியில் 'சி' அல்லது 'எஃப்', அதோடு ஓர் எண். நான்காம் கிறிஸ்டியன் 1648 வரை, மூன்றாம் ஃபிரெடெரிக் 1670 வரை, ஐந்தாம் கிறிஸ்டியன் 1699 வரை, நான்காம் ஃபிரெடெரிக் 1730 வரை, ஆறாம் கிறிஸ்டியன் 1746 வரை, ஐந்தாம் ஃபிரெடெரிக் 1766 வரை, ஏழாம் கிறிஸ்டியன் 1808 வரை, ஆறாம் ஃபிரெடெரிக் 1839 வரை, விற்றுவிட்டுப் போகும்போது எட்டாம் கிறிஸ்டியன். இந்த ஒன்பது பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டால் கட்டடத்தின் நெற்றியையோ காசையோ பார்த்த உடனே காலத்தைச் சொல்லிவிடலாம். தரங்கம்பாடியிலேயே அச்சடித்த ஈயக் காசுகளும் செப்புக் காசுகளும் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் பல தேய்ந்துபோனவை. ஆனாலும் கிரீடத்துக்குக் கீழே எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் 4, 5, 7 என்ற எண்ணைக் கண்டுபிடிக்க முடியும்.

எச்சரிக்கை ஒன்று. முத்திரை எழுத்தை அழகுக்காகக் கண்ணாடி பிம்பம்போல இரட்டிப்பாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னியிருப்பார்கள். முதல் பார்வையில் வெறும் பூவேலை மாதிரித்தான் தெரியும். நடுவில் இருக்கும் எண்ணை முதலில் தேடுங்கள், எழுத்து தானாகப் பிடிபடும்.

இந்த வாசலும் மதிலும் எழுந்த கதை வியப்பானது. 1640களிலிருந்து டென்மார்க்கில் போரும் பணமுடையுமாக, கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தரங்கம்பாடிக்குத் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாக, கடைசியில் பொறுப்பேற்றவர் எஸ்கில் ஆண்டர்சன் காங்ஸ்பாக்கே என்ற சாதாரணச் சிப்பாய். 1655இலிருந்து அவர்தான் தளபதி. பணமும் உதவியும் இல்லாமல், கிடைத்த கப்பல்களைப் பிடித்து, உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669இல் ஒருவழியாகக் கப்பல் வந்து பார்த்தபோது கொடி இறங்காமல் இருந்தது. பதினான்கு ஆண்டுகள் அந்த நகரத்தைக் காத்து நின்ற கைகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாசலுக்குள் நுழையுங்கள்.

தெருக்கள், சுவர்கள்

வாசலிலிருந்து கடல் வரை போவது கிங் ஸ்ட்ரீட், ராஜ வீதி. இதற்கு இணையாகவும் குறுக்காகவும் குயின் தெரு, அட்மிரல் தெரு, கோல்டுஸ்மித் தெரு என்று போகும். ராஜ வீதியில் தேவாலயங்களும் உயரமான தூண்கள் வைத்த காலனிய வீடுகளும். கோல்டுஸ்மித் தெருவுக்குப் போனால் திண்ணை, மரத்தூண், தாழ்வாரம், நாட்டு ஓடு என்று முழுக்கத் தமிழ் வீடுகள். சுனாமிக்குப் பிறகு, பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு இந்தத் தெருவில் பல வீடுகளைப் பழைய முறையிலேயே பழுதுபார்த்துக் கொடுத்தது. கோட்டைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது இந்தத் தெருவுக்கு ஒதுக்குங்கள். இந்த ஊரின் சரித்திரத்தைச் சொல்ல டேனிஷ் தூண் எவ்வளவு தேவையோ, திண்ணையும் அவ்வளவு தேவை. அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். திண்ணையில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவர்களைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு வகைக் கட்டடத்துக்கும் சரக்கு ஒன்றுதான்: சூளைச் செங்கல், சுண்ணாம்புக் காரை. ஐரோப்பியர் வரைபடம் போட்டிருக்கலாம். கட்டியது இந்த ஊர்க் கொத்தனார், தன் கைக்குப் பழகிய பொருளைக்கொண்டு. கடற்கரை ஊர்களில் சுண்ணாம்புக்குக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றுவார்கள். மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் புளிக்கவைத்துப் பூசுவது நம் மரபு. மாடிக் கட்டடங்களில் மேலே நிமிர்ந்து பார்த்தால் மெட்ராஸ் டெரஸ் தெரியும்: வரிசையாகத் தேக்கு உத்திரங்கள், அதன்மேல் சின்னச் செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டிய அடுக்கு, அதற்கும் மேலே செங்கல் ஜல்லிக் காரை, கடைசியில் தட்டோடு. இரும்புக் கம்பி கிடையாது. கடற்கரையில் அது பெரிய வரம். கம்பி இருந்தால் உப்புக் காற்றில் துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டை உள்ளிருந்து உடைத்துவிடும்.

பழைய சுவர்கள் இங்கே ஏன் கெடுகின்றன என்பதையும் நடந்துகொண்டே பார்க்கலாம். கடல்காற்றோடும் நிலத்தடி நீரோடும் உப்பு சுவருக்குள் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும் பொருள். ஈரம் அதன் வழியாக வெளியேறி, உப்பு மேற்பரப்பில் பொரிந்து உதிர்ந்துபோகும். பூச்சு தேயும், செங்கல் பிழைக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடித்துக்கொண்டே இருந்தால் போதும். இதன்மேல் யாராவது நல்லெண்ணத்தில் சிமெண்ட் பூசிவிட்டால் கதையே மாறிவிடும். ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னாலேயே தேங்கும், உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகும், செங்கல் மாவாக உதிரும். வெளியே பூச்சு வழவழவென்று நன்றாகத் தெரியும்போதே உள்ளே சுவர் கரைந்துகொண்டிருக்கும். விரல் கணுவால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். ஒருநாள் பூச்சு பாளம் பாளமாக விழும்போதுதான் விஷயம் தெரியவரும். தரங்கம்பாடியில் பழைய சுவர் எங்காவது இடுப்பளவு உயரத்துக்குப் பட்டையாகப் பெயர்ந்திருந்தால், சிமெண்ட் ஒட்டு இருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள். இந்தப் பக்கம் பழைய வீடு வைத்திருக்கும் யாருக்கும் சொல்லக்கூடிய ஒரே அறிவுரை, சிமெண்டை அந்தச் சுவரிடம் அண்டவிடாதீர்கள் என்பதுதான்.

இரண்டு தேவாலயங்கள்

ராஜ வீதியில் சீயோன் தேவாலயமும் புதிய எருசலேம் தேவாலயமும் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி உண்டு: சீயோன் யாருக்காக, புதிய எருசலேம் யாருக்காக என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சீயோன் 1701இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதுவரை கோட்டைக்குள் ஓர் அறையில்தான் டேனிஷ்காரர்கள் வழிபட்டார்கள். டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்குமான கோயில் இது. ஆங்கிலேயர் கைக்கு ஊர் போனபின் ஆங்கிலிக்கன் சபைக்குப் போய், இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கீழ் இருக்கிறது.

புதிய எருசலேம் தமிழ்ச் சபைக்காக எழுந்தது. கிறிஸ்தவ மதத்தைப் பரப்ப டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பிய ஜெர்மானிய இளைஞர்கள் இருவர், பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிக் புளூட்சோவும், 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கினார்கள். அன்றைக்குச் சீகன்பால்குக்கு 24 வயது நிறைய ஒரு நாள் குறை. அடுத்த ஆண்டே கட்டிய முதல் எருசலேம் தேவாலயம் கடலுக்கு அருகே இருந்ததால் சில ஆண்டுகளில் கடல் கொண்டுபோனது. உள்ளே தள்ளி ராஜ வீதியில் எழுப்பிய இரண்டாவது, 1718 அக்டோபரில் திறக்கப்பட்டது. 'புதிய' என்ற சொல் அதனால் வந்தது. சிலுவை வடிவத்தில் தரைத்திட்டம். முகப்பில் கிரீடத்தோடு நான்காம் ஃபிரெடெரிக்கின் முத்திரையும் 1718 என்ற ஆண்டும் இருக்கின்றன. வாசலில் கற்றுக்கொண்ட பாடத்தை இங்கே சோதித்துப் பாருங்கள். திறந்த நாலே மாதத்தில், 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்க் இறந்தார். வயது 36. உள்ளே பீடத்துக்கு அருகே அவர் கல்லறை, கூடவே சக ஊழியர் கிரண்ட்லருடையதும். இந்தத் தேவாலயம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. அந்தத் திருச்சபையின் பேராயரை இன்றும் தரங்கைப் பேராயர் என்றுதான் அழைக்கிறார்கள், தலைமையிடம் திருச்சிக்குப் போய்விட்டாலும்.

சுற்றியுள்ள கல்லறைகளைப் படிக்க ஒரு நுணுக்கம் உண்டு. எழுத்துகள் தேய்ந்தவை. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலை எட்டு மணிக்குள் வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும், அப்போது படிக்கலாம். இல்லாவிட்டால் கைபேசி விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸ் தேய்ப்பதும் தண்ணீர் ஊற்றித் துடைப்பதும் கூடவே கூடாது. பொரிந்திருக்கும் மேற்பரப்பு கையோடு வந்துவிடும்.

அச்சுக்கூடம்: எது முதல், எது முதல் இல்லை

'இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடி', 'தமிழின் முதல் அச்சு நூல் இங்கேதான்' என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இரண்டும் தவறு. இந்தியாவில் அச்சு 1556இல் கோவாவில் வந்துவிட்டது. தமிழ் நூல் 1578இல் கொல்லத்தில் அச்சாகிவிட்டது, போர்ச்சுகீசியப் பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்கசின் முயற்சியில். தரங்கம்பாடியின் பெருமைக்கு இந்தப் பொய் தேவையே இல்லை. இங்கே நடந்த வேலை அவ்வளவு பெரியது.

லண்டனிலிருந்து ஒரு கிறிஸ்தவ அறிவுச் சங்கம் அச்சு எந்திரம் ஒன்றை அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள், மீட்கப்பட்டது. கூட வந்த அச்சுத் தொழிலாளி கரையைக் காணாமலே இறந்துபோனார். 1712இல் எந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஆள் கம்பெனிச் சிப்பாய்களுக்குள்ளேயே கிடைத்தார். வந்த எழுத்துகள் ரோம எழுத்துகள், ஆகவே முதலில் அச்சானவை போர்ச்சுகீசிய மொழிச் சிறு நூல்கள். அன்றைக்குக் கரையோரப் பட்டினங்களில் பலருக்கும் புரிந்த பொதுமொழி அது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. தமிழ் அறியாத கைகள் செய்தவை என்பதால் அளவில் மிகப் பெரியவை. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறையை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். 1714இல் நற்செய்திகளும் அப்போஸ்தலர் பணிகளும், 1715இல் முழுப் புதிய ஏற்பாடும் தமிழில் வெளிவந்தன. எழுத்துச் சிக்கல் தீர்ந்ததும் அடுத்த முட்டுக்கட்டை காகிதம். அதற்காகப் பக்கத்துப் பொறையாற்றில் ஒரு காகித ஆலை.

இந்த வேலைக்கு முன்னால் சீகன்பால்க் தமிழ் கற்ற விதமும் சொல்லத்தக்கது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகியிருக்கிறார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் லத்தீன் மொழியில் 1716இல் ஹாலேயில் அச்சானது. அட்மிரல் தெருவில் அவர் வாழ்ந்த இடத்தில் இப்போது ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அச்சு எந்திரம் எப்படி இயங்கியது என்று தெரிந்துகொள்ள விரும்பும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல இடம்.

இந்தச் சபையில் 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், ஐரோப்பியர் அல்லாத முதல் லுத்தரன் போதகர். கடலூர்க்காரர், பழைய பெயர் ஆறுமுகம். ஊருக்கு வருகிறவர்கள் சீகன்பால்க் பெயரோடு இந்தப் பெயரையும் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை.

இயற்கை ஆராய்ச்சியிலும் ஊருக்குப் பங்கு உண்டு. 1768இல் இங்கே வந்த தாவரவியலாளர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கும் அவருக்குப் பின் வந்த மிஷன்காரர்களும் செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கழுத்தில் கறுப்புப் பட்டை போட்ட செந்நிறச் சிறுபுறா ஒன்று நம் வயல்வெளிகளில் உண்டே, அதன் அறிவியல் பெயரின் பின்பாதி 'டிராங்கபாரிகா'. அதாவது தரங்கம்பாடிப் புறா.

கோட்டை

இப்போது கோட்டைக்கு வரலாம். தெரு முடியும் இடத்தில் அணிவகுப்பு மைதானம் விரியும். ஒரு பக்கம் 1784இல் எழுந்த ஆளுநர் மாளிகை, தென்கிழக்கு மூலையில் டேன்ஸ்போர்க் கோட்டை. அந்தப் பெயருக்கு டேனிஷ்காரர் கோட்டை என்பதுதான் பொருள்.

1618இல் டென்மார்க்கிலிருந்து கிளம்பிய கப்பல்களின் இலக்கு தரங்கம்பாடியே அல்ல. கண்டி அரசருக்கு உதவுவதாக இலங்கைக்குத்தான் புறப்பட்டார்கள். அங்கே காரியம் கைகூடவில்லை. முன்னதாக வந்த கப்பல் ஒன்றைக் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர் தாக்கினர். தப்பிய அதன் தலைவர் ரோலண்ட் கிராப்பே தஞ்சைக்குப் போய் அரசர் ரகுநாத நாயக்கரைக் கண்டார். 1620 நவம்பரில் கடற்படைத் தலைவர் ஓவே கெட்டேயோடு உடன்படிக்கை. நாயக்கருக்கும் கணக்கு இருந்தது: நாகப்பட்டினத்தில் ஏற்கெனவே போர்ச்சுகீசியர் வலுத்திருக்க, இன்னொரு ஐரோப்பியக் கப்பல்காரன் தன் கரையில் இருப்பது லாபம். டென்மார்க் அரசருக்கு நாயக்கர் பொன் ஏட்டில் தமிழில் பொறித்து அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

கோட்டைக்குள் நுழைந்ததும் கடல் பக்கமாக நிற்கும் இரண்டடுக்குக் கட்டடத்தைப் பாருங்கள். கீழ்த்தளம் கிடங்கு, சமையலறை, சிறை. மேல்தளம் ஆளுநர், பாதிரியார், வணிகர் குடியிருப்பு. கீழே கனத்த சரக்கு, மேலே மனிதர் என்ற ஏற்பாட்டுக்கு ஏற்றாற்போல் கீழ்த்தளத்துக் கூரை முழுக்கச் செங்கல் வளைவுகள். ஒட்டகத் திமில் போல எழும்பி இறங்கும் மேற்கூரையும் அந்த வளைவுகளின் விளைவுதான். மரச் சாரத்தின்மேல் செங்கல்லை வளைத்து அடுக்கி, சுண்ணாம்பு இறுகிய பிறகு சாரத்தை உருவிவிடுவார்கள். பாரம் வளைவு வழியாகப் பக்கச் சுவருக்கு இறங்கும். அதனால்தான் சுவர்கள் அவ்வளவு தடிமன். சிறை அறைகளில் ஒரு கணம் நில்லுங்கள். ஆளுநர் ஹாசியசோடு மோதியதற்காக 1708 நவம்பரிலிருந்து நாலு மாதம் சீகன்பால்க் அடைபட்டது இந்தக் கோட்டையில்தான். ராஜ வீதியில் பார்த்த கதையின் நடு அத்தியாயம் இங்கே இருக்கிறது.

இருநூறு ஆண்டுகளில் கட்டடம் பலமுறை மாற்றிக் கட்டப்பட்டது. 1620இல் எழுந்ததே அப்படியே நிற்கிறது என்று எண்ண வேண்டாம். 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியை, வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. பிறகு நாகப்பட்டினத்துக்கு 1860களில் ரயில் வந்ததும் வணிகம் அங்கே போனது. தரங்கம்பாடி தூங்கிவிட்டது. அந்தத் தூக்கம்தான் தெருக்களைக் காப்பாற்றியது. வளர்ந்திருந்தால் இடித்திருப்பார்கள். நீண்ட காலம் கோட்டை அரசுப் பயண மாளிகையாக இருந்து, 1970களின் இறுதியில் தொல்லியல் துறைப் பாதுகாப்புக்குள் வந்தது.

அருங்காட்சியகத்தில் சுதைச் சிற்பம், வாள், ஈட்டி, சீனத் தேயிலை ஜாடி, பீங்கான் எல்லாம் உண்டு. நேரம் குறைவென்றால் காசுகளை மட்டுமாவது நிதானமாகப் பாருங்கள்.

கடலும் மாசிலாமணிநாதரும்

கோட்டையிலிருந்து கரையோரமாக வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். ஊரிலேயே பழைய கட்டடம். ஒரு காலத்தில் கடலிலிருந்து தள்ளி இருந்தது. கடல் நெருங்கி நெருங்கி வந்து முன்பகுதியைத் தின்றுவிட்டது. கரையில் கொட்டியிருக்கும் பாறைகள் இல்லாவிட்டால் எஞ்சியதும் நிற்காது. பாறை வரிசை அலையின் வேகத்தை உடைக்கும். ஆனால் கரையோரம் நகரும் மணலை அது தடுப்பதால், ஓரிடத்தில் மணல் சேர்ந்து அடுத்த இடத்தில் அரிப்பு கூடும். ஓரிடத்தைக் காப்பாற்ற இன்னோரிடத்தை அடமானம் வைக்கிற கதை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்த ஊர் மீனவர் குடியிருப்பைச் சிதைத்துப் போட்டது. கடற்கரையில் நிற்கும்போது அது சுற்றுலாத் தலம் மட்டும் இல்லை என்பது மனத்தில் இருக்கட்டும்.

அந்தப் பாறைகளில் ஏறாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் சிக்கினால் அடுத்த அலை இழுத்து அறையும். குளிப்பதும் வேண்டாம், தடுப்புகளை ஒட்டி நீரோட்டம் திடீரென்று திரும்பும். 'ஓசோன் நிறைந்த காற்று, சுவாசித்தால் ஆயுள் கூடும்' என்று இந்தக் கரையைப் பற்றி ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. தரைமட்டத்தில் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். கடல் வாசனைக்குப் பெரும்பாலும் காரணம் கடல் நுண்ணுயிர்கள் வெளிவிடும் கந்தகச் சேர்மம். காற்று நன்றாக இருக்கிறது, அது போதும்.

திரும்பும்போது பேருந்து பொறையாற்றில் நிற்கும். நேரமிருந்தால் இறங்கி, கடுதாசிப்பட்டறைக்கு எப்படிப் போவது என்று கேளுங்கள். சீகன்பால்க் காலத்துக் காகித ஆலை சில ஆண்டுகளுக்கு மேல் தாங்கவில்லை. ஆலை நின்ற இடத்துக்கு ஊர் இன்னமும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது.